தலையில் பட்ட அடி: மாணவர்கள் சொன்னால்தான் தெரியும்



தலைக்காயம் என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சாலை விபத்துதான். இரத்தம் ஓடுகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, உறவினர்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஜெபித்துக் காத்திருக்கிறார்கள். இந்த இதழில் நாங்கள் விளக்க விரும்புவது வேறொரு வகையான தலைக்காயம். அது பள்ளி விளையாட்டுத் திடலில் ஏற்படுவது. பெரும்பாலும் இரத்தம் வராது, வீக்கம்கூட இராது, ஸ்கேன் எடுத்தாலும் தெரியாது. அடிபட்ட பிள்ளை வாய் திறந்து சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியவரும்.

இந்தக் காயத்தைக் குறித்து இன்று மருத்துவ உலகம் அறிந்திருப்பவற்றில் ஒரு முக்கியமான பங்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமிருந்து கிடைத்தது. மறைக்காமல் பதில் எழுதிக் கொடுத்த மாணவர்களும், தங்கள் தலைக்கவசத்துக்குள் கருவியை வைத்துக்கொள்ளச் சம்மதித்த மாணவர்களும் அதற்குக் காரணம். அவர்களால் என்ன தெரியவந்தது, நம் பிள்ளைகளுக்கு அதனால் என்ன பயன் என்பதைக் கீழே எழுதுகிறோம்.

மண்டைக்குள் நடப்பது என்ன?

மூளை மிருதுவானது. அது ஒரு திரவத்தில் மிதந்தபடி மண்டை ஓட்டுக்குள் இருக்கிறது. ஓடி வரும் பிள்ளையின் தலை இன்னொரு தலையிலோ தரையிலோ மோதும்போது மண்டை ஓடு சட்டென்று நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் மூளையோ இன்னும் ஒரு கணம் நகர்கிறது, சற்றே திருகிக்கொள்கிறது.

கட்டித் தயிர் உள்ள தூக்குச் சட்டியை வேகமாகக் குலுக்கிவிட்டுப் பாருங்கள். சட்டியில் ஒரு நெளிவும் இராது. மூடியைத் திறந்தால் தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருக்கும். மூளை தயிரைப் போல உடைவதில்லை. ஆனாலும் நரம்பணுக்களின் மெல்லிய இழைகள் இழுபடுகின்றன. அணுக்களுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்க வேண்டிய உப்புச் சத்துக்களின் அளவு நிலைகுலைகிறது. அதைச் சரிப்படுத்த மூளைக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி தேவைப்படுகிறது. அந்த வேளையில்தான் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் குறைகிறது. இதையே மருத்துவர்கள் ‘கன்கஷன்’ என்கிறார்கள். தமிழில் மூளை அதிர்ச்சி என்று சொல்லலாம்.

இதனால் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மங்கலான பார்வை, வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாமை, மறதி, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை உண்டாகலாம். மயக்கம் போட்டு விழுகிறவர்கள் சிலரே; பத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார். ஆகையால் ‘மயங்கவில்லையே, ஒன்றுமில்லை’ என்று சொல்வது சரியல்ல. சி.டி. ஸ்கேன் மண்டை ஓட்டு முறிவையும் உள்ளே இரத்தம் கசிவதையும் காட்டும். மூளை அதிர்ச்சி மட்டும் இருந்தால் ஸ்கேன் படம் சாதாரணமாகவே இருக்கும். தலைக்கவசமும் மண்டை ஓடு உடையாமல் காக்குமே தவிர, உள்ளே மூளை அசைவதைத் தடுக்காது.

எந்தக் கருவியும் நிச்சயமாகக் காட்டாத இந்தக் காயத்தைக் கண்டறிய மருத்துவருக்கு உதவுவது பிள்ளை சொல்லும் வார்த்தையும், உடனிருந்தவர்கள் கண்ட மாற்றமுமே.

1,532 மாணவர்கள் தந்த பதில்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பெருமளவில் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து. அது நாம் ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள். எதிரணியினர் ஓடிவந்து மோதிக் கீழே தள்ளுவார்கள். மோதல் அந்த ஆட்டத்தின் ஒரு பாகம்.

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகர்ப் பகுதியில் 20 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 1,532 ஆட்டக்காரர்களிடம், ஆட்டப் பருவம் முடிந்தபின் கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. ஆய்வின் முடிவு 2004-ல் வெளியாயிற்று. அந்த ஒரு பருவத்தில் தங்களுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக 100-க்கு 15 பேர் எழுதியிருந்தார்கள். அப்படி அடிபட்டவர்களில் அதை யாரிடமாவது சொன்னவர்கள் 100-க்கு 47 பேர் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டவர்கள் சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் அவர்கள் பதில் தந்தார்கள். சொல்லாதவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், ‘இது பெரிய காயமென்று நினைக்கவில்லை’ என்றார்கள். 100-க்கு 41 பேர், ‘ஆட்டத்திலிருந்து வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்’ என்று பயந்தார்கள். 36 பேர், தங்களுக்கு வந்தது மூளை அதிர்ச்சி என்றே அறியாதிருந்தார்கள். சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைக் குறித்திருந்தார்கள்.

அன்பானவர்களே, இந்தக் காரணங்களைச் சற்று யோசித்துப் பாருங்கள். இவற்றுள் இரண்டு அறியாமை, ஒன்று பயம். அறியாமையைப் போதனையால் போக்கலாம். பயத்தைப் போக்கப் பெரியவர்களாகிய நாம் மாற வேண்டும். அடிபட்டேன் என்று சொல்லும் பிள்ளையைக் கோழை என்று பேசுகிற திடலில் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

தலைக்கவசத்துக்குள் ஒரு கருவி

சொல்லாதவர்கள் போக, தங்களுக்கு ஏதும் நடந்ததாக உணராதவர்களும் உண்டா? இதற்கு எதிர்பாராத ஒரு பதில் இந்தியானா மாநிலத்திலிருந்து வந்தது. பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2009-ஆம் ஆண்டு தங்கள் ஊருக்கு அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களைப் பருவம் முழுவதும் கவனித்தார்கள். தலைக்கவசத்துக்குள் பொருத்திய உணர்கருவி, தலையில் பட்ட ஒவ்வொரு மோதலையும் பதிவு செய்தது. பருவத்துக்கு முன்னும், நடுவிலும், பின்னும் நினைவாற்றல் சோதனையும் மூளை ஸ்கேனும் செய்தார்கள்.

அடிபட்டவர், அடிபடாதவர் என இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடலாம் என்றே அவர்கள் நினைத்தார்கள். ஆராயப்பட்ட 15 முதல் 19 வயது வரையுள்ள 11 பேரில் மூன்றாவது கூட்டம் ஒன்று தென்பட்டது. அவர்களுக்குத் தலைவலி இல்லை, தலைசுற்றல் இல்லை. எந்த மருத்துவரும் அவர்களுக்கு மூளை அதிர்ச்சி என்று சொல்லவில்லை. இருந்தும், கண்ணால் பார்த்ததைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்தி வைக்கும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. ஸ்கேனிலும் மூளையின் முன்பகுதி வேலை செய்யும் விதம் மாறியிருந்தது. தலையின் முன்மேற்பகுதியில் அதிக முறை மோதல் வாங்கியவர்கள் இவர்களே.

இது 11 பேரைக் கொண்ட சிறிய ஆய்வு. இதை வைத்து எல்லா ஆட்டக்காரருக்கும் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆனாலும், ஒரு பலத்த அடியை மட்டும் கவனித்தால் போதாது, சிறிய அடிகளையும் எண்ண வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

எண்ணியதால் நன்மை விளைந்ததற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தார் 7, 8 வயதுச் சிறுவர் ஏழு பேருக்கு இப்படியே கருவி பொருத்தி 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பருவத்தில் ஒரு சிறுவனுக்குச் சராசரியாக 107 முறை தலையில் மோதல் பட்டிருந்தது. பலத்த அடிகளில் பெரும்பாலானவை போட்டியில் அல்ல, பயிற்சியின்போது பட்டவை. அந்த ஆண்டே பாப் வார்னர் என்ற சிறுவர் கால்பந்து அமைப்பு, பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மோதல் பயிற்சி கூடாது என்று விதி செய்தது. போட்டியைத் தொடாமலே பிள்ளைகளின் தலைக்குப் படும் அடிகளைக் குறைக்க இது ஒரு வழி.

நாம் ஆடும் கால்பந்திலும் இந்த எச்சரிக்கை வந்துவிட்டது. 10 வயதுக்கு உட்பட்டவர்கள் பந்தைத் தலையால் முட்டக்கூடாது என்று அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015-ல் அறிவித்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து கால்பந்துச் சங்கங்கள் 2020-ல், தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் தலையால் முட்டப் பழக்க வேண்டாம் என்று வழிகாட்டின.

இரண்டாவது அடி

அதிர்ந்த மூளை குணமாவதற்கு முன் மறுபடி அடிபட்டால், அபூர்வமாகச் சிலருக்கு மூளை மிக வேகமாக வீங்கிவிடும். வளரும் பிள்ளைகளிடம் இந்த ஆபத்து காணப்பட்டிருக்கிறது. 2011-ல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆட்டத்தில் 14 வயது மாணவன் ஒருவன் தலையில் அடிபட்ட பின்னும் தொடர்ந்து விளையாடி, மறுபடி அடிபட்டு, ஆட்டத்தின் முடிவில் சரிந்து விழுந்து மரித்தான். இரண்டாவது அடியினால் வந்த மரணம் என்று விசாரணையில் கூறப்பட்டது. அவனுடைய பெற்றோர் தங்கள் துக்கத்தோடு முடங்கிவிடாமல், மற்ற பிள்ளைகளுக்காகப் பேசத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ல் இதேபோல அடிபட்டு மீண்டும் களமிறங்கிய 13 வயது மாணவன் உயிர் பிழைத்தான். ஆனால் பேசவும் நடக்கவும் மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அவனுடைய குடும்பப் பெயரால் ‘லிஸ்டெட் சட்டம்’ என்று வழங்கும் சட்டம் 2009-ல் அங்கே நிறைவேறியது. அதன்படி, மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே மாணவனை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். மருத்துவத் தகுதியுடையவர் எழுதிக் கொடுத்தால்தான் அவன் திரும்ப ஆடலாம். ஆண்டுதோறும் பெற்றோரும் மாணவனும் இதைக் குறித்த விளக்கத்தைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். 2014-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் இந்த நோக்கத்தோடு சட்டம் இயற்றிவிட்டன.

நம் பிள்ளைகள் காரியம்

நம் ஊர்ப் பிள்ளைகள் அமெரிக்கக் கால்பந்து ஆடுவதில்லை. கபடி ஆடுகிறார்கள், பிடிக்கும்போது தலையும் முழங்காலும் மோதுகின்றன. கால்பந்தில் இரண்டு பேர் ஒரே பந்துக்கு எம்பும்போது நெற்றிகள் மோதுகின்றன. கிரிக்கெட்டில் பந்து தலையில் படுகிறது. முகத்தில் சோடாவைத் தெளித்து, தட்டி எழுப்பி, ‘போடா, ஆடு’ என்று அனுப்பிவிடுவது நம் திடல்களில் பழகிப்போன காட்சி. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்று நம்பியிருக்கும் ஏழைப் பிள்ளைக்கு, வெளியே உட்காரும் ஒரு போட்டியும் பெரிய இழப்பாகத் தோன்றும். மில்வாக்கி மாணவர்கள் சொன்ன பயம் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானதல்ல.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு 2019 லார்ட்ஸ் போட்டி நினைவிருக்கும். பந்து கழுத்தில் தாக்கி விழுந்த ஸ்டீவ் ஸ்மித், சோதனையில் தேறி மீண்டும் மட்டையெடுத்து ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. உடனே அவரை நிறுத்தி, மாற்று ஆட்டக்காரராக லபுஷேன் இறக்கப்பட்டார். அதற்கான விதி அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் அமலுக்கு வந்திருந்தது. உடன் மருத்துவர் இருந்த ஓர் உலகப்புகழ் வீரருக்கே அறிகுறி மறுநாள் தெரிந்தது என்றால், கிராமத்துப் பள்ளித் திடலில் நாம் எவ்வளவு கவனமாயிருக்க வேண்டும்!

மாணவர்களே ஆராயலாம்

விலையுயர்ந்த கருவி நம் பள்ளிகளில் இல்லை. அதனால் ஆராய்ச்சி நமக்கு எட்டாதது என்று எண்ண வேண்டாம். 1993-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினைகளைக் குழுவாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ஒரு நோட்டும், பென்சிலும், கைக்கடிகாரமும் இருந்தால் உயர்நிலை, மேல்நிலை மாணவர்கள் இந்தப் பொருளையும் ஆராயலாம்.

முதலில் கேள்வியைத் தெளிவாக வைக்க வேண்டும். உதாரணமாக, ‘ஒரு மணி நேர ஆட்டத்தில் தலையில் எத்தனை முறை அடிபடுகிறது? பயிற்சியில் அதிகமா, போட்டியில் அதிகமா?’ தலையும் தலையும், தலையும் தரையும், தலையும் பந்தும் என்று வகை பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாணவர்கள் தனித்தனியே உட்கார்ந்து எண்ணிப் பின்னர் ஒப்பிட வேண்டும். இருவர் கணக்கும் ஒத்துப்போனால்தான் அதை நம்பலாம். அன்றே எழுதிவிட வேண்டும்; பருவ முடிவில் நினைவிலிருந்து எழுதினால் பல விடுபட்டுப் போகும்.

அடுத்து, பெயர் எழுதாத சீட்டில் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ‘இந்த ஆண்டு தலையில் அடிபட்டபின் தலைவலியோ தலைசுற்றலோ வந்ததா? வந்திருந்தால் யாரிடம் சொன்னாய், சொல்லாவிட்டால் ஏன்?’ சீட்டைப் பெட்டியில் போடச் சொன்னால் பிள்ளைகள் உண்மையை எழுதுவார்கள்.

மூன்று கட்டுப்பாடுகள் மட்டும் அவசியம். தலைமையாசிரியரும் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக ஒருவரையும் மோதச் செய்யக்கூடாது. எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை அடிபட்டுத் தடுமாறினால், நோட்டைக் கீழே வைத்துவிட்டு உடனே பி.டி. ஆசிரியரிடம் ஓட வேண்டும். கணக்கைவிடப் பிள்ளை முக்கியம்.

இப்படி ஆராயும் மாணவனுக்கு அறிகுறிகள் மனப்பாடமாகிவிடும். பக்கத்து வீட்டு நண்பன் தடுமாறுவதை ஆசிரியருக்கு முன்பே அவன் கண்டுகொள்வான். நாங்கள் பள்ளிகளுக்குச் செல்லும்போது மாணவர்களிடமே இதைப் பேச விரும்புவது இதனால்தான்.

அடிபட்டால் செய்ய வேண்டியவை

சந்தேகம் இருந்தால் அன்று அந்தப் பிள்ளை மறுபடி ஆடக்கூடாது. ‘நன்றாயிருக்கிறேன்’ என்று அவன் கெஞ்சினாலும் கூடாது. அவனைத் தனியே வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். சைக்கிள் ஓட்ட விட வேண்டாம். பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறிய பேச்சு, கை கால் பலவீனம், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிதல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல், எழுப்பினால் எழாத தூக்கம்: இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் தலையைத் திருப்பாமல், அசைக்காமல் ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருங்கள்.

‘தூங்க விடாதே’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. மருத்துவர் பார்த்து ஆபத்து இல்லை என்று சொன்னபின் பிள்ளை தூங்குவதில் தவறில்லை. கூட ஒருவர் இருந்து கவனித்தால் போதும்.

முதல் 24 முதல் 48 மணி நேரம் இளைப்பாறுதல் வேண்டும். படுக்கையிலேயே கிடக்க வேண்டியதில்லை, மெதுவாக நடக்கலாம். செல்போனும் டி.வி.யும் அந்த இரண்டு நாள் குறைந்திருக்கட்டும். பிறகு சிறிது சிறிதாகப் படிப்பு; படிப்பு பழைய நிலைக்கு வந்தபின் படிப்படியாக விளையாட்டு. மோதல் உள்ள ஆட்டத்துக்கு மருத்துவர் அனுமதி வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரங்களுக்குள் முழு சுகம் பெறுகிறார்கள். ஆகையால் விளையாட்டையே நிறுத்திவிட வேண்டாம். ஓடியாடும் பிள்ளைக்குக் கிடைக்கும் நன்மைகள் அநேகம்.

உங்கள் பங்கு

மூளை, நரம்பு நோய்ச் சிகிச்சையில் மிஷன் மருத்துவமனைகளுக்கு நம் நாட்டில் ஒரு சாட்சி உண்டு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார். அந்நாளில் அந்தச் சிகிச்சைக்காக வெகுதூரத்திலிருந்து ஏழைகளும் அங்கே வந்தார்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படாத காயத்துக்கும் கவனிப்பு தேவை என்பதை இன்று நாம் கூடுதலாக அறிந்திருக்கிறோம்.

ஆண்டவர் சொன்ன உவமையில் சமாரியன் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்தில் அவனை வைத்துப் பராமரித்தான். மறுநாள் செலவுக்குக் கொடுத்தான். ‘இவனை விசாரித்துக்கொள்’ என்றும் சத்திரக்காரனிடம் சொன்னான். மூளை அதிர்ச்சி அடைந்த பிள்ளைக்குத் தேவையானதும் அந்த மறுநாள் விசாரிப்புதான். உங்கள் காணிக்கைகளால் நடைபெறும் பள்ளி ஆரோக்கிய ஊழியம் அதைச் செய்கிறது. ஏழைப் பிள்ளை ஒருவன் கட்டணத்துக்குப் பயந்து மறு பரிசோதனைக்கு வராமல் நின்றுவிடாதபடி நீங்கள் தாங்குகிறீர்கள்.

உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். உங்கள் வீட்டிலோ, சபையின் ஞாயிறு பள்ளியிலோ, வாலிபர் கூட்டத்திலோ விளையாடும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டுங்கள். ‘அடிபட்டால் சொல், நாங்கள் கோபிக்க மாட்டோம்’ என்று உங்கள் வாயால் அவர்களுக்குச் சொல்லுங்கள். இரண்டாவதாக, தலைக்காயத்தோடு வரும் சிறு பிள்ளைகளுக்காகவும், இரவு முழுவதும் அவர்கள் அருகே விழித்திருந்து கண்மணிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் எங்கள் நர்ஸ் சகோதரிகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.